அளந்து பார்த்த பிறகே ஸ்பேனர் எடுக்கும் சேலத்துப் பட்டறை

சேலம் ஐந்து ரோட்டிலிருந்து ஜங்ஷனுக்குப் போகும் வழியில், பிரதான சாலையை விட்டுச் சற்று உள்ளே தள்ளி, நான்கு கார்கள் மட்டுமே நிற்கக்கூடிய ஒரு தகரக் கொட்டகையில் நடக்கும் இந்த கிளட்ச், கியர்பாக்ஸ் பட்டறையைப் பற்றி எழுத வேண்டும் என்று நான்கு மாதங்களாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். வேலை முடிந்த மறுநாளே எழுதியிருக்கலாம். ஆனால் ஏற்காட்டில் குடியிருந்துகொண்டு வாரத்துக்கு இருமுறை மலையிறங்கி ஏறுகிறவன், பட்டறை வாசலில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு வண்டி சரியாகிவிட்டது என்று சொன்னால் அதை யாரும் நம்பத் தேவையில்லை. 20 கொண்டை ஊசி வளைவுகளையும் பலமுறை கடந்த பிறகே சொல்ல வேண்டும் என்று காத்திருந்தேன்.

என்னுடையது ஒன்பது ஆண்டுகள் ஓடிய, கையால் கியர் மாற்றும் சிறிய பெட்ரோல் கார். மே மாதத்தில் ஒருநாள் அம்மாவைக் கண் பரிசோதனைக்குச் சேலத்துக்கு அழைத்துப் போய்விட்டு, மாலையில் திரும்பி ஏறிக்கொண்டிருந்தேன். கோடைக் கூட்டத்தால் அடிவாரத்திலிருந்தே வண்டிகள் ஊர்ந்துகொண்டிருந்தன. ஒன்பதாவது வளைவுக்குச் சற்றுக் கீழே, மேலிருந்து இறங்கிய பேருந்து திரும்புவதற்காக எல்லோரும் நின்றோம். கிளட்சை மிதித்தபடியே காத்திருந்து, வழி கிடைத்ததும் முதல் கியரைப் போட்டால் விழவில்லை. லீவர் பாதி தூரம் போய் எதிலோ முட்டியதுபோல் நின்றது. இரண்டாவதும் விழவில்லை. பின்னால் வரிசையாக வண்டிகள், பக்கத்தில் பள்ளம், முன்னிருக்கையில் கண்ணில் மருந்து விட்டுக்கொண்ட அம்மா. கைபிரேக்கை இழுத்துப் பிடித்து இன்ஜினை அணைத்தேன். அணைத்ததும் அதே முதல் கியர் வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் விழுந்தது. கியரிலேயே வைத்து, கிளட்சை முழுவதும் மிதித்துக்கொண்டு சாவியைத் திருப்பினால், வண்டி கைபிரேக்கையும் மீறி ஒரு முழம் முன்னால் துள்ளியது.

பின்னால் நின்ற ஜீப்பிலிருந்து எஸ்டேட் ஓட்டுநர் ஒருவர் இறங்கி வந்து, “சார், பெடலை நாலஞ்சு தடவை வேகமா மிதிச்சுட்டு உடனே கியரைப் போடுங்க, விழும். பாதியில நிறுத்தாம மேல போயிருங்க” என்றார். அப்படியே செய்தேன், விழுந்தது. மீதி வளைவுகளை முதலிலும் இரண்டாவதிலுமாக ஏறி வீடு சேர்ந்தோம். அவர் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தில் நோயின் பாதி அடையாளம் இருந்தது என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை.

அடுத்த வாரம் வேறொரு பட்டறையில் காட்டினேன். அதன் பெயர் இங்கே வேண்டாம். அங்கே, பெடலிலிருந்து வரும் எண்ணெய் அழுத்தத்தால் கிளட்சைத் தள்ளும் ஸ்லேவ் சிலிண்டரின் ரப்பர் உறையில் லேசாக ஈரம் தெரிகிறது என்று அதை மாற்றி, ஏர் எடுத்து, அதாவது எண்ணெய்க் குழாயில் நின்ற காற்றை வெளியேற்றி, அனுப்பினார்கள். பத்து நாள் நன்றாக ஓடியது. பதினோராம் நாள் மலையில் அதே தொல்லை. திரும்பிப் போனபோது கியர்பாக்ஸை இறக்கித்தான் பார்க்க வேண்டும், இறக்கினால் கிளட்சின் பாகங்களான கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் சேர்த்தே மாற்றிவிடுவது நல்லது, எல்லாமாக 16,500 ரூபாய் ஆகும் என்றார்கள். மாற்றினால் சரியாகிவிடுமா என்று கேட்டதற்கு, மாற்றிப் பார்க்கலாம் என்பதே பதில். எதனால் கியர் விழவில்லை என்று அவர்கள் ஒருமுறையும் சொல்லவில்லை. அந்தத் தொகையைவிட அதுதான் என்னை உறுத்தியது.

அலுவலக நண்பர் ஒருவர் சொல்லி இந்தப் பட்டறைக்கு வந்தேன். உரிமையாளர் ஐம்பது வயதைக் கடந்தவர். இளமையில் லாரி கியர்பாக்ஸ் வேலை பழகியவராம். சங்ககிரியும் நாமக்கல்லும் சுற்றி இருக்கும் இந்த வட்டாரத்தில் நல்ல மெக்கானிக்குகள் பலருக்கு லாரிதான் பள்ளிக்கூடம். பார்த்துச் சொல்ல 400 ரூபாய், வேலையை இங்கேயே செய்தால் கூலியில் கழித்துக்கொள்வேன், செய்யாமல் போனாலும் வருத்தமில்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டார். பிறகு என்னை அருகில் நிறுத்திக்கொண்டு, கிட்டத்தட்ட முக்கால் மணி நேரம், வண்டியிலிருந்து ஒரு நட்டைக்கூடக் கழற்றாமல் சோதித்தார். இந்த மதிப்புரையை நான் எழுதுவதே அந்த முக்கால் மணி நேரத்துக்காகத்தான்.

முதலில் இன்ஜினை அணைத்து வைத்து, ஐந்து கியர்களையும் ரிவர்ஸையும் ஒவ்வொன்றாகப் போட்டு எடுத்தார். எல்லாம் தடையின்றி விழுந்தன. லீவரிலிருந்து கியர்பாக்ஸுக்குப் போகும் கேபிள்களிலோ அவற்றின் முனையில் உள்ள புஷ்களிலோ பழுது இருந்தால் இன்ஜின் நின்றிருக்கும்போதும் கியர் விழாது; ஒரு குறிப்பிட்ட கியரின் சின்க்ரோ, அதாவது பற்கள் உரசாமல் கோத்துக்கொள்ள வேகத்தைச் சமன்செய்யும் வளையம், தேய்ந்திருந்தால் அந்த ஒரு கியர் மட்டும் மக்கர் செய்யும், மற்றவை ஒழுங்காக இருக்கும்; இங்கே நின்றால் எல்லாம் விழுகிறது, ஓடினால் எதுவும் விழவில்லை, ஆகவே கியர்பாக்ஸைக் குறை சொல்வதற்கு ஒன்றுமில்லை என்றார். அதை எனக்குப் புரியும்படி இரண்டு உள்ளங்கைகளை ஒட்டிவைத்துக் காட்டி விளக்கினார். கிளட்ச் மிதிக்கும்போது இன்ஜின் பக்கமும் கியர்பாக்ஸ் பக்கமும் முழுதாகப் பிரிய வேண்டும். ஒரு மயிரிழை உரசிக்கொண்டிருந்தாலும் கியர்பாக்ஸுக்குள் போகும் தண்டு சுழன்றுகொண்டேயிருக்கும், அப்போது பற்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளா. கியரில் வைத்து ஸ்டார்ட் செய்தபோது வண்டி துள்ளியதற்கும் இதுவே காரணம்.

அடுத்து இன்ஜினை ஓடவிட்டு, கிளட்சை மிதித்து ஐந்து வரை எண்ணிவிட்டு ரிவர்ஸ் போட்டார். கரகரவென்று பல் உரசும் சத்தம் வந்தது. உடனே கையை எடுத்துவிட்டார். இப்போது பெடலை மூன்று தடவை வேகமாக மிதித்துவிட்டு ரிவர்ஸ் போட்டார், சத்தமே இல்லை. பல கார்களில் ரிவர்ஸ் கியருக்கு சின்க்ரோ இருப்பதில்லை, அதனால் கிளட்ச் முழுதாகப் பிரிகிறதா என்பதை அது ஒளிக்காமல் காட்டிக்கொடுத்துவிடும் என்றார். அடித்து மிதித்தால் சரியாகிவிடுகிறது என்றால் பிளேட், பிரஷர் பிளேட், கிளட்சை நெம்பிவிடும் ஃபோர்க் எல்லாம் தம் வேலையைச் செய்யத் தயாராக இருக்கின்றன. அவற்றைத் தள்ளும் எண்ணெய்தான் போதிய அளவு போய்ச் சேரவில்லை. ஜீப் ஓட்டுநர் மலையில் சொன்னது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

கிளட்ச் பிளேட் தேய்ந்துவிட்டது என்றார்களே என்று கேட்டேன். கைபிரேக்கைப் போட்டு, நான்காவது கியரில் வைத்து, பெடலை மெல்ல விட்டுக் காட்டினார். இன்ஜின் உடனே குலுங்கி நின்றது. தேய்ந்த பிளேட்டாக இருந்தால் இன்ஜின் நிற்காமல் ஓடிக்கொண்டேயிருக்கும். கிளட்ச் பிடிக்காமல் வழுக்குவது ஒரு நோய், கிளட்ச் விடாமல் ஒட்டிக்கொண்டிருப்பது அதற்கு நேர் எதிரான நோய், இரண்டுக்கும் ஒரே மருந்தைக் கொடுப்பது தவறு என்றார். கார் வைத்திருக்கும் எல்லோரும் இந்த ஒரு வேறுபாட்டைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. மேட்டில் இன்ஜின் சத்தம் ஏறி வேகம் ஏறாவிட்டால் வழுக்குகிறது என்று பொருள். கியர் விழாமல் முட்டினால் விடவில்லை என்று பொருள்.

பிறகு வந்ததுதான் நான் வேறெங்கும் பார்க்காத வேலை. பானட்டைத் திறந்து, கியர்பாக்ஸின் பக்கவாட்டில் இருக்கும் ஸ்லேவ் சிலிண்டரின் தள்ளுகோலில் வெள்ளைச் சாக்பீஸால் ஒரு கோடு போட்டார். உதவியாளர் தம்பியை உள்ளே உட்காரவைத்துப் பெடலை மெதுவாக மிதிக்கச் சொல்லி, ஆறு அங்குல எஃகு ஸ்கேலை அருகில் வைத்து அளந்தார். கோடு 9 மில்லிமீட்டர் நகர்ந்தது. அப்படியே மிதித்துப் பிடித்திரு என்றார். மூவரும் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றோம். கண்ணுக்குத் தெரியும்படி, மிக மெதுவாக, அது பின்வாங்கத் தொடங்கியது. ஒரு நிமிடத்தில் 6 மில்லிமீட்டருக்கு வந்து நின்றது. இது சரியா தவறா என்று எப்படித் தெரியும் என்று நான் கேட்பதற்கு முன்பே, கொட்டகையில் வேறு வேலைக்காக நின்ற அதே மாடல் கார் ஒன்றில் அதே அளவை எடுத்துக் காட்டினார். அதில் 14 மில்லிமீட்டர். ஒரு நிமிடம் பிடித்திருந்தும் அசையவில்லை.

எண்ணெய் எங்கேயும் சொட்டவில்லை, எண்ணெய் டப்பாவில் அளவும் குறையவில்லை, பிறகு அழுத்தம் எங்கே போகிறது? பெடலோடு இணைந்து எண்ணெயைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரிலிருந்து ஸ்லேவுக்குப் போகும் ரப்பர் குழாயை, அது வெட்டுப்படாத தட்டையான வாய் கொண்ட கிளாம்ப்பால் நெருக்கிவிட்டு மறுபடியும் பெடலை மிதிக்கச் சொன்னார். இப்போது ஸ்லேவ் கணக்கிலேயே இல்லை. பெடல் கல்போல நின்றால் குற்றம் ஸ்லேவ் பக்கம். இறங்கினால் மாஸ்டர் பக்கம். இறங்கியது. மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் வாஷரின் விளிம்பு தேய்ந்து, மிதிக்கும் எண்ணெய் அதைத் தாண்டித் திரும்பவும் டப்பாவுக்கே போய்விடுகிறது. வெளியே ஒரு சொட்டும் தெரியாது. வேகமாக மிதித்தால் வாஷரின் விளிம்பு சுவரோடு ஒட்டிக்கொள்ளும்; மெல்ல மிதித்துப் பிடித்திருந்தால் நழுவும். சேலம் நகருக்குள் நான் சட்டென்று மிதித்துச் சட்டென்று விடுகிறேன், அங்கே தொல்லை இல்லை. மலையில் வளைவுக்கு வளைவு கிளட்சை மிதித்தபடி காத்திருக்கிறேன், வெப்பத்தில் எண்ணெயும் இளகியிருக்கிறது, அங்கேதான் கியர் விழ மறுக்கிறது. நோய் ஏன் மலைப்பாதையில் மட்டும் தலைகாட்டியது என்ற என் இரண்டு மாதக் கேள்விக்கு அவர் தந்த விளக்கம் இது.

முதல் பட்டறை புது எண்ணெய் ஊற்றி ஏர் எடுத்ததில் பத்து நாள் நன்றாக இருந்ததும் பொய்யில்லை, பழைய எண்ணெயும் உள்ளே நின்ற காற்றும் போனதால் சிறிது கூடுதல் அழுத்தம் கிடைத்திருக்கும் என்று அவர்களை விட்டுக்கொடுக்காமல் பேசினார். சக தொழிலாளியைப் பழிக்காத அந்தப் பண்பும் எனக்குப் பிடித்தது.

வாஷர் கிட் மட்டும் போட்டால் மலிவாக முடியும். சிலிண்டரின் உட்சுவரில் கீறல் இருந்தால் புது வாஷரும் சில மாதங்களில் தேய்ந்துவிடும், மலையில் ஓடும் வண்டிக்கு அந்த ஆபத்து வேண்டாம் என்று முழு மாஸ்டரையே மாற்றச் சொன்னார். கம்பெனிப் பாகம் அன்று சேலத்தில் கிடைக்கவில்லை. கோயம்புத்தூரிலிருந்து பேருந்துப் பார்சலில் மறுநாள் வந்தது. கடைகளில் கிடைத்த வேறு தயாரிப்பை அவர் தொடவில்லை.

புது மாஸ்டரைப் பொருத்தி ஏர் எடுத்த பிறகு மீண்டும் அளந்தபோது 12.5 மில்லிமீட்டர் வந்தது, ஒரு நிமிடம் பிடித்திருந்தும் இறங்கவில்லை. கியர்கள் எல்லாம் நன்றாக விழுந்தன. வேறு எந்த மெக்கானிக்கும் இங்கே சாவியைக் கொடுத்திருப்பார். இவர் அந்தக் கொட்டகையிலிருந்த இன்னொரு காரின் 14-ஐ மறக்கவில்லை. மீதி ஒன்றரை எங்கே என்று தமக்குள் முணுமுணுத்தபடி, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு ஓட்டுநர் பக்க டேஷ்போர்டுக்குக் கீழே தலைகீழாகப் படுத்துப் பெடலின் மேற்பகுதியைப் பார்த்தார். பெடலையும் மாஸ்டரின் தள்ளுகோலையும் இணைக்கும் சிறிய பின்னைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத அந்த இரும்புத் துண்டின் நடுப்பகுதி உடுக்கையின் இடைபோல் தேய்ந்திருந்தது. அது நுழையும் துளையும் வட்டம் கெட்டு முட்டை வடிவமாகியிருந்தது. பின்னிலும் துளையிலும் சேர்த்து ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் தளர்ச்சி. பெடலின் நெம்புகோல் கணக்கில் கால் வைக்கும் இடத்தில் அது ஐந்து மடங்காகி, பெடல் முதல் ஒரு சென்டிமீட்டர் வீணாக இறங்கிக்கொண்டிருந்தது. புதுப் பின்னும் புஷ்ஷும் போட்ட பின் அளவு 14.

எண்ணெய் விஷயத்திலும் அவர் கறாரானவர். மூடி திறந்து வைத்த பழைய டின்னிலிருந்து ஊற்றாமல், கிளட்சுக்கும் பயன்படும் டாட் 4 வகைப் பிரேக் ஆயிலில் சீல் உடைக்காத புது டின்னை என் எதிரிலேயே திறந்தார். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும் தன்மையுடையது. புதிய டாட் 4 எண்ணெய் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது, ஈரம் ஏறிவிட்டால் அந்த எல்லை 155 அளவுக்கு இறங்கலாம். என் காரில் கிளட்சுக்கும் பிரேக்குக்கும் ஒரே டப்பா. கிளட்சுக்கான குழாய் டப்பாவின் மேல்மட்டத்தில் இருப்பதால் கிளட்ச் எண்ணெய் ஒழுகினாலும் பிரேக்குக்கு உரிய அளவு கீழே தங்கியிருக்கும் என்று விரலால் தொட்டுக் காட்டிவிட்டு, ஏற்காட்டிலிருந்து இறங்கும் வண்டி என்பதால் நான்கு சக்கர பிரேக்குகளிலும் பழைய எண்ணெயை வெளியேற்றிப் புதியதை நிரப்பினார். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள் என்றார். சிந்திய சில துளிகளை உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவினார், அந்த எண்ணெய் பெயின்டைத் தின்றுவிடுமாம்.

செலவு: மாஸ்டர் சிலிண்டர் 2,150 ரூபாய், பின்னும் புஷ்ஷும் 120, எண்ணெய் 260, கூலி 1,200, ஆக மொத்தம் 3,730 ரூபாய். முதலில் சொன்ன 400 கூலியிலேயே அடங்கிவிட்டது. கழற்றிய மாஸ்டரையும் பின்னையும் ஒரு பையில் போட்டு என்னிடமே கொடுத்துவிட்டார்.

குறைகளையும் சொல்ல வேண்டும். உட்கார இடம் கிடையாது. வயதானவர்களை அழைத்துக்கொண்டு போகாதீர்கள். மதியம் ஒன்று முதல் மூன்று வரை தொலைபேசியை எடுப்பதில்லை. அன்றே முடியும் என்று சொன்ன வேலை மறுநாள் இரவு ஏழரைக்குத்தான் முடிந்தது. பாகம் வரவில்லை என்பதை நான் அழைத்துக் கேட்ட பிறகே சொன்னார், அவராக ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்று நான் மலையேறுவதற்கு வேறு ஏற்பாடு செய்திருப்பேன். பில் வேண்டும் என்று கேட்டால்தான் எழுதுகிறார். தானாக கியர் மாற்றும் ஏஎம்டி கார்களை அவர் எடுப்பதில்லை. நான் இருந்தபோதே கியர் விழவில்லை என்று வந்த அப்படிப்பட்ட ஒரு காரின் உரிமையாளரிடம், இதற்கு ஸ்கேனர் போட்டு கிளட்ச் பிடிக்கும் புள்ளியை மறுபடி கற்பிக்க வேண்டும், அந்தக் கருவி என்னிடம் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார். அந்த உரிமையாளருக்கு இது அலைச்சல்தான். ஆனால் தெரியாத வேலையில் கைவைக்காதவரிடம் தெரிந்த வேலையை நம்பி ஒப்படைக்கலாம்.

வண்டியை ஒப்படைக்கும் முன் என்னோடு கோரிமேடு வரை வந்து, ஓட்டும் முறையையும் கவனித்தார். சிக்னலில் நிற்கும்போது நான் நியூட்ரலுக்கு வராமல் கிளட்சை மிதித்தே நிற்பதையும், மேட்டில் கைபிரேக்கைப் பயன்படுத்தாமல் அரை கிளட்சில் வண்டியைத் தாங்கிப் பிடிப்பதையும் கண்டு, “ஐயா, நிக்கிற நேரம் நியூட்ரல் பண்ணிட்டு கைபிரேக் போடுங்க. மேல ஏறுற வண்டிக்குத்தான் வழி விடணும்னு விதியே இருக்கு, நீங்க அவசரப்பட வேண்டாம். அரை கிளட்ச்சுல நிக்கிற ஒவ்வொரு நிமிஷமும் அந்த ரிலீஸ் பேரிங்கு ஓடிட்டே இருக்கு” என்றார். முப்பது ஆண்டு பழக்கத்தை மாற்றிக்கொள்ள எனக்கு மூன்று வாரம் பிடித்தது. இப்போது வளைவில் நின்றால் கை தானாகவே கைபிரேக்குக்குப் போகிறது.

அன்று அவர் காரின் கையேட்டுக் கடைசிப் பக்கத்தில் தேதியைப் போட்டு, ‘14’ என்று பேனாவால் எழுதித் தந்திருந்தார். சென்ற வாரம் சேலம் இறங்கியபோது அந்தப் பக்கமாகப் போனேன். வேறொரு காரின் அடியிலிருந்து எழுந்து வந்து, கையைத் துடைத்துக்கொண்டு, அதே சாக்பீஸ், அதே ஸ்கேல், அதே தம்பி. ஒரு நிமிடம் பிடித்திருக்கச் சொன்னார். 14-இல் தொடங்கி 14-இலேயே நின்றது. பழைய எண்ணுக்குக் கீழே புதுத் தேதியை எழுதினார். காசு வாங்கவில்லை.